536 என்னும் எண்: உப்புப் பொட்டலத்தைப் படித்தறிவோம்

“உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்பது நம் முன்னோர் வாக்கு. நாள்தோறும் மூன்று வேளையும் நம் உணவில் தவறாமல் இடம்பெறும் பொருள் உப்பு ஒன்றே. எனினும், உப்புப் பொட்டலத்தின் பின்புறம் அச்சிடப்பட்டிருப்பதைப் படித்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. கடன் ஒப்பந்தமாயினும் வைப்புத்தொகைப் படிவமாயினும், சிறிய எழுத்துகளைப் படித்த பிறகே கையொப்பமிட வேண்டும் என்று வாடிக்கையாளர்களுக்கு எடுத்துரைப்பது வங்கிப் பணியாளர்களாகிய எங்கள் வழக்கம். அதே பழக்கத்தைச் சமையலறைக்கும் கொண்டு செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதத் தூண்டியவர் எங்கள் கிளைக்கு மாதந்தோறும் வந்து செல்லும் ஓய்வூதியர் ஒருவர். பொட்டல உப்பில் ‘பொட்டாசியம் ஃபெரோசயனைடு’ என்னும் நஞ்சு கலக்கப்படுகிறது என்ற செய்தி அவருடைய கைப்பேசிக்கு வந்திருந்தது. “பெயரிலேயே சயனைடு இருக்கிறதே சார், தெரிந்தே எப்படி உண்பது?” என்று கேட்டார். அவர் வீட்டில் பொட்டல உப்பை நிறுத்திவிட்டு, அயோடின் சேர்க்கப்படாத இந்துப்புக்கு மாறியாயிற்று. தலைப்பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருக்கும் அவருடைய மகளும் அதையே உண்கிறார். அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கு அவர் கண்ட தீர்வில் ஓர் இழப்பு மறைந்திருக்கிறது. அவ்விரண்டையும் வரிசையாகப் பார்ப்போம்.

உப்பு ஏன் கட்டிப்படுகிறது?

உப்பின் வேதிப்பெயர் சோடியம் குளோரைடு. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடக்கும்போதுதான் நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். கடல்நீரிலிருந்து எடுக்கும் உப்பிலோ மெக்னீசியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு ஆகியவையும் சிறிதளவு கலந்திருக்கும். இவை அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரை ஈர்ப்பவை. எனவேதான் மழைக்காலத்தில் கல் உப்பு ஜாடியின் அடியில் நீர் கோத்துக்கொள்கிறது.

உப்புப் பரல்களின் மேற்பரப்பில் படியும் ஈரத்தில் சிறிதளவு உப்பு கரைகிறது. வெயில் ஏறி ஈரம் உலரும்போது, கரைந்த உப்பு மீண்டும் உறைந்து, அருகருகே உள்ள பரல்களைப் பாலம்போல் இணைத்துவிடுகிறது. இவ்வாறு ஈரமும் உலர்வும் மாறி மாறி நிகழ, பொடி உப்பு ஒரே பாறையாக இறுகிவிடுகிறது. கட்டிப்பட்ட உப்பு கெட்டுப்போன உப்பு அன்று, உடைத்துப் பயன்படுத்தலாம். ஆயினும் குஜராத்தின் உப்பளங்களிலிருந்தும் தமிழ்நாட்டின் தூத்துக்குடியிலிருந்தும் நாடெங்கும் பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்து, கிடங்குகளில் மாதக்கணக்கில் காத்திருக்கும் பொடி உப்பு உதிரியாகவே இருத்தல் வேண்டும் என்பது வணிகத்தின் தேவை.

இத்தேவை புதியதன்று. உப்புக் குப்பியில் சில அரிசி மணிகளைப் போட்டுவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அரிசி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தொழில்முறையில், அமெரிக்காவின் மார்ட்டன் நிறுவனம் 1911ஆம் ஆண்டில் மெக்னீசியம் கார்பனேட்டைச் சேர்த்து, மழை நாளிலும் தடையின்றிக் கொட்டும் உப்பை விற்கத் தொடங்கியது. உப்பு கட்டிப்படாதிருக்கச் சேர்க்கப்படும் இத்தகைய பொருள்களைக் ‘கட்டித்தடுப்பிகள்’ எனலாம்.

அந்த எண்ணின் பொருள்

பொட்டலத்தில் ‘ஐ.என்.எஸ். 536’ என்றோ, ‘551’ என்றோ காணப்படும் குறியீடுகள் உணவுச் சேர்மங்களுக்கான பன்னாட்டு எண்முறையைச் சேர்ந்தவை. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பும் இணைந்து நடத்தும் ‘கோடெக்ஸ்’ ஆணையம் இந்த எண்களை வகுத்துள்ளது. வங்கிக் கிளைக்கு ஒரு குறியீட்டு எண் இருப்பதுபோல, ஒவ்வொரு சேர்மத்துக்கும் ஓர் எண். மொழி எதுவாயினும் எண் மாறாது.

உப்பில் நாம் காணக்கூடிய எண்களுள் முதன்மையானவை இவை:

535 – சோடியம் ஃபெரோசயனைடு
536 – பொட்டாசியம் ஃபெரோசயனைடு
551 – சிலிக்கான் டை ஆக்சைடு. மணலின் வேதிப்பொருளும் இதுவே
504 – மெக்னீசியம் கார்பனேட்
170 – கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லின் வேதிப்பொருள்

இவற்றுள் பின்னைய மூன்றும் பரல்களுக்கிடையே மெல்லிய தூளாகப் பரவி, ஈரத்தை ஏற்றுக்கொண்டோ பரல்களைப் பிரித்துவைத்தோ செயல்படுகின்றன. முன்னைய இரண்டும் செயல்படும் முறை வேறு. ஃபெரோசயனைடு உப்புப் பரலின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு, படிகம் வளரும் விதத்தையே மாற்றிவிடுகிறது. அதனால் பரல்களுக்கிடையே உருவாகும் பாலம் உறுதியாக அமையாமல், சிறு கிளைகளாகப் பிரிந்து, கைபட்டாலே உதிர்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் மட்டும் செயல்படுவதால் இதன் தேவை மிகமிகக் குறைவு. கிராம் கணக்கில் அன்றி, மில்லிகிராம் கணக்கில் சேர்த்தாலே போதும்.

பெயரில் உள்ள அச்சம்

சயனைடு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பொட்டாசியம் சயனைடு. அது கொடிய நஞ்சு. கால் கிராம் அளவே ஒருவரின் உயிரைப் பறிக்கக்கூடும். ஆனால் பொட்டாசியம் சயனைடும் பொட்டாசியம் ஃபெரோசயனைடும் ஒன்றல்ல.

பொட்டாசியம் சயனைடு நீரில் கரைந்தவுடன் சயனைடு தனித்துப் பிரிந்து நிற்கிறது. உடலின் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் செயலை அது தடுத்துவிடுகிறது. ஃபெரோசயனைடிலோ ஓர் இரும்பு அணுவைச் சுற்றி ஆறு சயனைடு தொகுதிகள் இறுகப் பிணைக்கப்பட்டுள்ளன. அப்பிணைப்பை அறுக்க, சூடான வலிய அமிலமோ ஏறத்தாழ 400 டிகிரி செல்சியஸ் வெப்பமோ வேண்டும். கொதிக்கும் சாம்பார் 100 டிகிரியை ஒட்டியது. பலகாரம் பொரியும் எண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரி. நம் இரைப்பையின் அமிலமும் உடல் வெப்பநிலையும் அப்பிணைப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் அறுக்கப் போதியவை அல்ல. உட்கொண்ட ஃபெரோசயனைடில் மிகச் சிறு பகுதியே உடலில் சேர்கிறது. பெரும்பகுதி மாற்றமின்றி வெளியேறிவிடுகிறது.

ஒரு தனிமத்தின் குணம் வேறு, அது சேர்ந்த சேர்மத்தின் குணம் வேறு என்பதற்கு உப்பே சிறந்த சான்று. சோடியம், நீர் பட்டால் தீப்பற்றக்கூடிய உலோகம். குளோரின், முதல் உலகப் போரில் படைக்கருவியாக வீசப்பட்ட நச்சு வாயு. இரண்டும் இணைந்ததே நாம் சோற்றில் இடும் உப்பு. மருந்துக்கடையில் கிடைக்கும் பி 12 வைட்டமினின் ஒரு வடிவத்துக்குச் சயனோகோபாலமின் என்று பெயர். அதனுள்ளும் ஒரு சயனைடு தொகுதி உண்டு. அதை மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதித் தருகிறார்கள்.

‘சயனைடு’ என்ற சொல்லின் வேரும் நஞ்சைக் குறிப்பதன்று. நீலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாக உருவான ‘பிரஷ்ய நீலம்’ என்னும் சாயத்திலிருந்தே இவ்வேதிக் குடும்பம் அறியப்பட்டது. அச்சாயம் இரும்பும் ஃபெரோசயனைடும் சேர்ந்த பொருள். இன்று அது, தாலியம் நஞ்சும் கதிரியக்க சீசியமும் உடலில் புகுந்தவர்களுக்கு வாய்வழி கொடுக்கப்படும் முறிமருந்தாகவும் பயன்படுகிறது.

கணக்கிட்டுப் பார்ப்போம்

எப்பொருளும் அளவைப் பொறுத்தே நன்மையோ தீமையோ ஆகிறது. ஆகவே அச்சத்தை விட்டுக் கணக்குக்கு வருவோம்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, ஒரு கிலோகிராம் உப்பில் ஃபெரோசயனைடு 10 மில்லிகிராமுக்கு மேல் இருத்தல் கூடாது. ஒரு கிலோகிராம் என்பது 10 லட்சம் மில்லிகிராம். பத்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகையில் பத்து ரூபாய் எவ்வளவோ, உப்பில் இச்சேர்மம் அவ்வளவே. 2019ஆம் ஆண்டில் இது குறித்து நாட்டில் கவலை எழுந்தபோதும் ஆணையம் இவ்வரம்பையே சுட்டிக்காட்டியது.

இனி உடல் தாங்கும் அளவைப் பார்ப்போம். வாழ்நாள் முழுதும் நாள்தோறும் உட்கொண்டாலும் தீங்கு நேராது எனக் கருதப்படும் அளவை ‘ஏற்கத்தக்க அன்றாட அளவு’ என்பர். விலங்கு ஆய்வுகளில் தீங்கு தென்படாத அளவைக் கண்டறிந்து, அதைப் பல மடங்கு குறைத்தே இவ்வளவு நிர்ணயிக்கப்படுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ஆம் ஆண்டில் மறு ஆய்வு செய்து, ஃபெரோசயனைடுக்கு இதனை உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.03 மில்லிகிராம் என வகுத்தது. அளவு மிகுந்தால் முதலில் பாதிக்கப்படக்கூடிய உறுப்பு சிறுநீரகம் என்பதையும் அது கருத்திற்கொண்டது.

60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு அந்த அளவு ஒரு நாளைக்கு 1.8 மில்லிகிராம். அவர் நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு உண்கிறார் எனவும், அந்த உப்பில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு ஃபெரோசயனைடு உள்ளது எனவும் கொள்வோம். அவர் உட்கொள்வது 0.1 மில்லிகிராம், வரம்பில் பதினெட்டில் ஒரு பங்கு. 15 கிலோகிராம் எடையுள்ள குழந்தை 3 கிராம் உப்பு உண்டால் உட்செல்வது 0.03 மில்லிகிராம், அக்குழந்தைக்குரிய வரம்பான 0.45 மில்லிகிராமில் பதினைந்தில் ஒரு பங்கு.

பெரியவர் அவ்வரம்பைத் தொட வேண்டுமாயின் ஒரே நாளில் 180 கிராம் உப்பு உண்ண வேண்டும். அவ்வளவு உப்பை உண்டவரின் உயிருக்கு உப்பே இடராகிவிடும். அதில் கலந்த 536 குறித்துக் கவலைப்பட நேரம் இராது.

இக்கணக்கு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: உற்பத்தியாளர் விதியை மீறாதிருத்தல் வேண்டும். ஆகவே, ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அச்சிடப்பட்ட பொட்டலத்தையே வாங்குதல் நன்று. சேர்மமே வேண்டாம் என விரும்புவோர் உதிரித்தன்மை குறைந்த, ஆனால் அயோடின் கலந்த கல் உப்பை நாடலாம். அது அவரவர் விருப்பம். விருப்பத்தின் பெயரால் அயோடினை இழக்கலாகாது என்பதே நாம் அடுத்து வலியுறுத்துவது.

இழக்கக்கூடாத வரவு: அயோடின்

தைராய்டு சுரப்பி தன் இயக்குநீரை உருவாக்க அயோடின் இன்றியமையாதது. வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராமும், கருவுற்ற மகளிருக்கு 250 மைக்ரோகிராமும் தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் அயோடினே ஆதாரம். கடுமையான குறைபாடு நேர்ந்தால் கருச்சிதைவு, மீளாத அறிவு வளர்ச்சிக் குறை ஆகியவை ஏற்படலாம். முன்கழுத்துக் கழலை கண்ணுக்குத் தெரியும் அடையாளம். மூளைக்கு நேரும் இழப்போ கண்ணுக்குத் தெரியாது.

நம் நாட்டில் இதற்கு வழிகாட்டியது இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கு. அங்கு 1956ஆம் ஆண்டில் மருத்துவ அறிஞர் வி. ராமலிங்கசுவாமியும் உடன் பணிபுரிந்தோரும் ஆய்வொன்றைத் தொடங்கினர். சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் அயோடின் பெற்ற பகுதிகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. அதன் பயனாக 1962ஆம் ஆண்டில் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. 1992ஆம் ஆண்டில் அதன் பெயர் அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் உள்ளடக்கும் வகையில் மாற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டு முதல், மனிதர் நேரடியாக உண்பதற்கென அயோடின் கலவாத உப்பை விற்பது நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது.

இந்திய உப்பில் அயோடின், பொட்டாசியம் அயோடேட்டாகச் சேர்க்கப்படுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் பொட்டாசியம் அயோடைடைக் காட்டிலும் இதுவே நிலைத்து நிற்கிறது. நுகர்வோர் கைக்கு வரும்போது பத்து லட்சம் பங்கு உப்பில் குறைந்தது 15 பங்கு அயோடின் இருத்தல் வேண்டும்.

எனவே, 536 என்னும் எண்ணுக்கு அஞ்சி அயோடின் இல்லாத உப்புக்கு மாறுவது, பத்து ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்க்க எண்ணி முழு வைப்புத்தொகையையும் விட்டுக்கொடுப்பதற்கு ஒப்பாகும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் இளஞ்சிறாரும் உள்ள இல்லங்களில் இதனைக் கட்டாயம் கருத்திற்கொள்ள வேண்டும். தைராய்டு நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் மருத்துவரின் அறிவுரைப்படி நடத்தல் வேண்டும்.

குறைக்க வேண்டிய செலவு: சோடியம்

உப்பில் உண்மையாகவே அஞ்சத்தக்க பொருள் ஒன்று உண்டு. அது எண்ணாக அன்றி, பொட்டலத்தின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது: உப்பு. அதிலுள்ள சோடியம் அளவு மீறினால் இரத்த அழுத்தம் உயர்கிறது. அதன் வழியே மாரடைப்பும் பக்கவாதமும் நெருங்குகின்றன. வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. நம்மில் பலர் இதனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு உண்கிறோம்.

உப்பைக் குறைத்தால் அயோடினும் குறையுமே என்ற ஐயம் எழலாம். ஓரளவு உண்மைதான். பால், முட்டை, மீன் முதலிய உணவுகளும் அயோடினைத் தருகின்றன. மேலும், மக்கள் உண்ணும் உப்பு குறையுமாயின் அதில் சேர்க்கும் அயோடினின் விகிதத்தை அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். ஆகவே, குறைவாக உண்போம். உண்பதை அயோடின் கலந்ததாக உண்போம்.

சோடியம் குறைந்த உப்பு எனக் கடைகளில் கிடைப்பவற்றில் பொட்டாசியம் குளோரைடு கணிசமாகக் கலந்துள்ளது. பலருக்கு அது நன்மை தரலாம். ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தை உயர்த்தும் மருந்துகளை உட்கொள்வோருக்கும் அது இடர் விளைவிக்கும். மருத்துவரைக் கேளாமல் அவர்கள் அதற்கு மாறலாகாது.

இல்லத்தில் கடைப்பிடிக்கத்தக்கவை

ஒன்று: உப்புக்கு ஒரு கணக்கு வைப்போம். புதிய பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதிவைப்போம். நால்வர் கொண்ட குடும்பத்தில் ஒருவருக்கு 5 கிராம் வீதம் நாளொன்றுக்கு 20 கிராம். ஒரு கிலோகிராம் 50 நாள் வர வேண்டும். அப்பளம், ஊறுகாய், கருவாடு, உணவக உணவு ஆகியவற்றின் உப்பு இக்கணக்கில் சேரவில்லை என்பதால், பொட்டலம் 50 நாளைத் தாண்டியே தீர வேண்டும். 25 நாளில் தீர்ந்துவிடுமாயின் நம் செலவு இரு மடங்கு எனப் பொருள்.

இரண்டு: வாங்கும்போது ‘அயோடின் கலந்த உப்பு’ என்ற சொற்களும் உற்பத்தி நாளும் உள்ளனவா எனப் பார்ப்போம். நெடுநாள் கிடந்த பொட்டலத்தில் அயோடின் குறைந்திருக்கக்கூடும்.

மூன்று: காற்றுப்புகாத மூடியுள்ள கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில், அடுப்பின் வெப்பமும் வெயிலும் படாத இடத்தில் வைப்போம். ஈரக்கையாலோ ஈரக் கரண்டியாலோ எடுப்பதைத் தவிர்ப்போம்.

நான்கு: இயன்றவரை சமையலின் இறுதியில் உப்பைச் சேர்ப்போம். கொதிநிலையில் நெடுநேரம் இருக்குமாயின் அயோடின் ஓரளவு இழக்கப்படும்.

ஐந்து: ஐயம் எழுந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. நறுக்கிய உருளைக்கிழங்கின் மேல் சிறிது உப்பைத் தூவி, ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால், அயோடின் கலந்த உப்பு நீல நிறம் காட்டும். கிழங்கின் மாச்சத்தும் அயோடினும் சேர்வதால் தோன்றும் நிறம் அது. அயோடின் இருப்பதை இச்சோதனை காட்டும். அதன் அளவைக் காட்டாது.

கைப்பேசிக்கு வரும் செய்தி எதுவாயினும், பணம் கேட்கும் செய்திக்கு நாம் கடைப்பிடிக்கும் அதே எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். அனுப்பியவர் யார், கூறப்படும் அளவு எவ்வளவு, பொறுப்புள்ள அமைப்பு அதைப் பற்றி என்ன சொல்கிறது என்னும் மூன்று கேள்விகளைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும். ‘எவ்வளவு’ என்ற கேள்விக்கு விடை தராத எச்சரிக்கை, தொகை எழுதப்படாத காசோலையைப் போன்றது. அதனை நம்பி நாம் எதையும் கொடுத்துவிடலாகாது. குறிப்பாக, பிறக்கவிருக்கும் குழந்தையின் நலனை.